நச்சு வாயுவைத் தூரத்திலிருந்தே காணும் கருவிகள்: பாலாற்றுப் படுகை விவசாயிகள் அறிய வேண்டியவை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றிப் பாலாற்றுப் படுகையில் பயிர் செய்யும் விவசாயிகள் தோல் தொழிற்சாலைகளின் வாடையோடு பழகியவர்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வாடை வரும், மாறினால் போய்விடும். வாடை நின்றால் ஆபத்தும் நீங்கிவிட்டது என்று எண்ணுவது இயல்பு. தோல் கழிவுநீரில் பிறக்கும் நச்சு வாயுவைப் பொறுத்தவரை இந்த எண்ணம் உயிருக்கே உலை வைக்கும்.

காற்றில் கலந்து வரும் நச்சு வாயுவைப் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்கும் கருவிகள் இன்று உலகில் உள்ளன. அவை எப்படி வேலை செய்கின்றன, இந்தப் பகுதிக்கு எவ்வளவு உதவும், உதவாத இடத்தில் விவசாயி என்ன செய்ய வேண்டும் என்பவை கீழே விளக்கப்படுகின்றன.

வாயு பிறக்கும் விதம்

பச்சைத் தோலிலிருந்து மயிரை நீக்க அதைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊற வைக்கிறார்கள். இந்த நீர் காரத்தன்மை உடையது. காரம் இருக்கும்வரை சல்பைடு நீரிலேயே அடங்கிக் கிடக்கும். பிறகு தோலைப் பதப்படுத்தும் கட்டத்தில் உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீர் பயன்படுகிறது. இந்த அமில நீர், சல்பைடு உள்ள சுண்ணாம்பு நீருடன் ஒரே தொட்டியிலோ வாய்க்காலிலோ கலந்து காரம் முறிந்தால், ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு குபீரென வெளிவரும். அழுகிய முட்டை நாற்றம் உடையது இதுவே.

இரண்டாவது வழியும் உண்டு. கழிவுநீர் நாள்கணக்கில் தேங்கி, அடியில் சேறு படிந்து, அங்கே காற்றுப் புகாமல் போனால், நுண்ணுயிர்கள் நீரிலுள்ள சல்பேட்டை இதே வாயுவாக மாற்றுகின்றன. சேறு அசையாதவரை வாயு அதற்குள்ளேயே தங்கியிருக்கும். ஆள் இறங்கிச் சேற்றைக் கிளறியதும் மொத்தமாக மேலே எழும். கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும்போது உயிர்கள் பறிபோவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

இது தவிர, சுண்ணாம்பை நீக்கும் கட்டத்தில் அம்மோனியம் உப்புகள் பயன்படுவதால் கண்ணை எரிக்கும் அம்மோனியாவும் வெளிவரும்.

மூக்கு கைவிடும் அளவு

காற்றிலுள்ள வாயுவைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். மருந்து தெளிக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். 1,000 லிட்டர் தொட்டியில் 1 மில்லி மருந்து கலந்தால் அது பத்து லட்சத்தில் 1 பங்கு. 1 லிட்டர் நீருக்கு 1 மில்லி என்றால் அது 1,000 பங்கு.

ஹைட்ரஜன் சல்பைடு 1 பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். தொழிலாளர்கள் 8 மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்பட்டு வரும் வரம்பு. ஏறத்தாழ 100 பங்கை எட்டியதும் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போகிறது, வாடையே தெரியாது. 500 பங்குக்கு மேல் மயக்கம் வரும். சிறிது நேரத்தில் உயிர் போகும். 1,000 பங்கு இருந்தால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார்.

அதாவது, பயிருக்கு லிட்டருக்கு 2 மில்லி மருந்து கலக்கிறோமே, அதில் பாதி விகிதத்தில் இந்த வாயு காற்றில் கலந்திருந்தாலே உயிர் தப்புவது அரிது. அந்த நிலையில் மூக்கு எந்த எச்சரிக்கையும் தராது. முதலில் கடுமையாக வீசிய வாடை திடீரென்று நின்றுவிட்டால், வாயு போய்விட்டது என்று கொள்ளாமல் மூக்கு மரத்துவிட்டது என்றே கொண்டு விலக வேண்டும்.

தூரத்திலிருந்து காணும் முறை

மூக்கை நம்ப முடியாது என்பதால்தான் விஞ்ஞானிகள் ஒளியின் துணையை நாடினார்கள். ஒவ்வொரு வாயுவும் ஒளியில் சில குறிப்பிட்ட நிறங்களை மட்டும் விழுங்கும். அந்த நிறங்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் உள்ளன. ஒருவருடைய கைரேகை மற்றொருவருக்கு இல்லாதது போல, ஒரு வாயு விழுங்கும் நிறங்களின் வரிசை மற்றொன்றுக்கு இராது. ஒளியில் எந்த நிறம் குறைந்திருக்கிறது என்று பார்த்தால் வழியில் இருந்த வாயு எது என்று சொல்லிவிடலாம். இதில் மூன்று முறைகள் முக்கியமானவை.

முதல் முறையில் கருவி எந்த ஒளியையும் அனுப்புவதில்லை. மலை, கட்டடம், வானம் ஆகிய எல்லாப் பொருள்களிலிருந்தும் வெப்பக் கதிர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இடையில் வாயு மேகம் இருந்தால் அந்தக் கதிர்களில் அதன் கைரேகை பதியும். கருவி அதைப் படித்துக் காட்டும். சில கிலோமீட்டர் தொலைவுவரை இது பயன்படும். ஜெர்மனியில் தீயணைப்புத் துறையின் சிறப்புக் குழுக்கள் இத்தகைய கருவியை வண்டியில் எடுத்துச் சென்று, தீப்பிடித்த ரசாயனக் கிடங்கிலிருந்து எழும் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கின்றன. மேகத்துக்கும் அதன் பின்னாலுள்ள பொருளுக்கும் வெப்ப வேறுபாடு இல்லாவிட்டால் கருவிக்கு ஒன்றும் புலப்படாது. மழையும் பனிமூட்டமும் இதற்குத் தடை.

இரண்டாவது லேசர் முறை. இதற்கு லைடார் என்று பெயர். இரண்டு நிற லேசர் கதிர்களை ஒரே திசையில் அனுப்புகிறார்கள். ஒரு நிறத்தைத் தேடும் வாயு விழுங்கும், மற்றதை விழுங்காது. ஒரே எடையுள்ள இரண்டு மூட்டைகளை ஒரே வழியில் அனுப்பி, ஒன்று எடை குறைந்து திரும்பினால், வழியில் எவ்வளவு போயிற்று என்று கணக்கிடலாம் அல்லவா? அதே கணக்குத்தான். காற்றிலுள்ள தூசியில் பட்டுத் திரும்பும் இரு கதிர்களையும் ஒப்பிட்டு வாயுவின் அளவை அறிகிறார்கள். கதிர் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் தொலைவைச் சொல்லும். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 1.5 கிலோமீட்டர் சென்று திரும்ப விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கே ஆகும்.

லைடார் நமக்கு அந்நியமான கருவி அன்று. சித்தூர் - திருப்பதி வழியில் உள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே 1998-ல் ஜப்பானியக் கூட்டுறவுடன் லைடார் நிறுவப்பட்டது. ஆனால் அது உயர வானிலுள்ள மேகங்களையும் தூசிப் படலத்தையும் ஆராய்வதற்கானது. தொழிற்சாலை வாயுவைக் காவல் காப்பதற்கானது அன்று.

மூன்றாவது வேலி முறை. தொழிற்சாலையின் ஒரு மூலையில் ஒளிக் கருவியும் மறு மூலையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியும் வைப்பார்கள். இடையில் சில நூறு மீட்டர் தூரத்தில் எங்கே வாயு கடந்தாலும் கருவி மணி அடிக்கும். ஊரும் தொழிற்சாலையும் அடுத்தடுத்து இருக்கும் இடங்களுக்கு இது ஏற்றது.

செயற்கைக்கோளால் முடியுமா?

2017 அக்டோபர் 13-ல் ஐரோப்பிய நாடுகள் ஏவிய சென்டினல்-5பி என்னும் செயற்கைக்கோள் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, மீத்தேன் முதலிய வாயுக்களை உலகம் முழுவதும் அளக்கிறது. ஆனால் அது ஒரே புள்ளியாகப் பார்க்கும் நிலப்பரப்பு ஏறத்தாழ 5.5 கிலோமீட்டர் நீளமும் 3.5 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. ஆம்பூர் நகரமே ஓரிரு புள்ளிகளில் அடங்கிவிடும். அது நாள்தோறும் பிற்பகல் 1.30 மணி அளவில் கடந்து செல்கிறது. நள்ளிரவில் ஒரு தொட்டியில் எழும் வாயு அதன் கண்ணில் படாது.

நிலத்தைப் பார்ப்பதற்குச் செயற்கைக்கோள் நல்ல உதவி செய்யும். 1988 மார்ச் 17-ல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ தொடங்கி இந்தியச் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களில் உப்புப் பூத்த நிலமும் பயிர் வாடிய நிலமும் தெரியும். நேற்றிரவு வந்து விடியலில் கலைந்த வாயுவை அந்தப் படங்களில் தேடிப் பயனில்லை.

இந்தப் பகுதிக்கு எந்தக் கருவி?

தூரத்திலிருந்து பார்க்கும் கருவிகளுக்கு அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்றவை நன்றாக அகப்படும். தோல் தொழிலில் உயிர் பறிக்கும் ஹைட்ரஜன் சல்பைடோ அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே விழுங்குகிறது. போதாததற்குக் காற்றிலுள்ள நீராவி அதன் கைரேகையை மறைத்துவிடுகிறது. மேலும் அந்த வாயு காற்றைவிடச் சற்றுக் கனமானது. தொட்டியின் அடியிலும் மூடிய சாக்கடையிலும் கிடக்கும். மேலே செல்லும் ஒளிக்கதிர் அங்கே எட்டாது.

ஆகவே இதற்கு விலை உயர்ந்த தொலைநோக்குக் கருவியைவிட, சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளும் சிறிய வாயுமானியே ஏற்றது. அதற்குள் ஒரு சிறு மின்கலம் போன்ற அமைப்பு உண்டு. வாயு பட்டதும் அதில் மின்னோட்டம் எழும். அளவு 10 பங்கைத் தாண்டினால் மணி அடித்து அதிரும். கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கி முதலில் அளந்து பார்க்கலாம். குறித்த காலத்தில் அதைச் சரிபார்க்காவிட்டால் தவறான அளவைக் காட்டும்.

சல்பைடே இல்லாமல் மயிர் நீக்கும் முறைகளும் உள்ளன. சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், நொதிகளைக் கொண்டு மயிர் நீக்கும் முறைகளை உருவாக்கியுள்ளது. சல்பைடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு வாயுவும் குறையும்.

கிணற்றில் விளக்கு இறக்கும் பழக்கம்

பாழ்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது என்பது சரியே. ஆனால் விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்பது சரியன்று. காற்றில் 21 சதவீதம் உள்ள பிராணவாயு 16, 17 சதவீதமாகக் குறைந்தால்தான் விளக்கு அணையும். ஹைட்ரஜன் சல்பைடு 1,000 பங்கு என்பது வெறும் 0.1 சதவீதம். அந்த அளவில் விளக்கு நன்றாக எரியும். மனிதர் பிழைக்க மாட்டார். கிணற்றில் மீத்தேன் சேர்ந்திருந்தால் விளக்கே தீ விபத்துக்குக் காரணமாகும்.

கழிவுநீர் ஊறிய பகுதிகளில், நெடுநாள் இறைக்காத கிணறுகளுக்கும் இது பொருந்தும். வேப்பங்கொத்தை ஆட்டுவதும் மேலிருந்து நீர் ஊற்றுவதும் காற்றை ஓரளவு கலக்கும். அதை வைத்து அபாயம் இல்லை என்று உறுதி கொள்ள முடியாது. காற்றூதியால் நெடுநேரம் காற்றைச் செலுத்தி, வாயுமானியால் அளந்த பிறகே இறங்க வேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் மற்றொருவர் இறங்கக்கூடாது. அண்ணனைத் தூக்கத் தம்பியும், தம்பியைத் தூக்க அடுத்தவரும் இறங்கி, ஒரே தொட்டியில் மூவர் நால்வர் மாண்ட துயரங்கள் நாட்டில் பல. துண்டை நனைத்து முகத்தில் கட்டினாலும் இந்த வாயு தடைபடாது. முதலிலேயே இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டி இறக்கியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம். கயிறு இல்லையென்றால் சுவாசக் கருவியுடன் தீயணைப்பு வீரர்கள் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காற்றின் திசையே காவல்

மூன்று விபத்துகள் இதில் நல்ல பாடம்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. அது காற்றைப் போல இரு மடங்கு கனமானது; தரையை ஒட்டியே பரவியது. காற்று வீசிய திசையிலேயே ஓடியவர்கள் வாயுவுடன் சேர்ந்தே ஓடினார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

2020 மே 7-ஆம் தேதி விடியற்காலை விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் ஸ்டைரீன் ஆவி கசிந்தது. ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரம். 12 பேர் இறந்தனர், கால்நடைகளும் மடிந்தன.

2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு சென்னை எண்ணூரில், உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நெடி தாளாமல் விழித்த பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

மூன்றும் இரவிலோ விடியுமுன்னோ நேர்ந்தவை. இரவில் தரை குளிர்வதால் கீழ்க்காற்று மேலே எழாமல் தங்கிவிடும். வாயுவும் அதனுடன் பள்ளத்தில் தேங்கும். பாலாற்றுப் பள்ளத்தாக்கு இருபுறமும் மலைகள் சூழ்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் இந்த நிலை எளிதில் ஏற்படும். ஆகவே கழிவுநீர்க் கால்வாயை ஒட்டிய நிலத்துக்கு இரவில் நீர் பாய்ச்சச் செல்வோர் தனியே செல்லாதிருப்பது நலம்.

கடும் வாடையோ கண் எரிச்சலோ ஏற்பட்டால் செய்ய வேண்டியவை:

1. ஒரு பிடி மண்ணைத் தூவியோ துணியை உயர்த்தியோ காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். காற்றுக்குக் குறுக்காக நடந்து வாயு வரும் பாதையிலிருந்து விலகி, பிறகு மேட்டு நிலத்துக்குச் செல்ல வேண்டும். காற்று போகும் திசையில் ஓடக்கூடாது.

2. வாய்க்கால், ஆற்றுப் பள்ளம், பம்பு செட் குழி ஆகியவற்றில் ஒளியக்கூடாது. குழந்தைகளைத் தரையில் விடாமல் தூக்கிச் செல்ல வேண்டும்.

3. வெளியேற முடியாவிட்டால் கதவு, சன்னல்களை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி அடைக்க வேண்டும். அம்மோனியா நீரில் கரையும். அதற்கு ஈரத்துணி முகத்தில் ஓரளவு உதவும்.

4. அடுப்பு, பீடி, விளக்கு எதையும் பற்றவைக்கக் கூடாது. மோட்டார் சுவிட்சையும் தொடக்கூடாது.

5. நேரம் இருந்தால் மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். அவற்றைத் தேடி மீண்டும் வாயுவுக்குள் செல்லக்கூடாது.

6. பாதிக்கப்பட்டவரை நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து 108-க்கும், கசிவைப் பற்றி 112-க்கும் தகவல் தர வேண்டும். கண்ணைச் சுத்தமான நீரால் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

பயிர் சொல்லும் சாட்சி

வாயு கலைந்த பிறகு கருவிக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் பயிரில் அடையாளம் இருக்கும். கந்தக டை ஆக்சைடு பட்டால் இலை நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். அம்மோனியா மிகுதியாகப் பட்டால் இலை வெந்தது போலப் பழுப்பாகும். நோயானால் நாள்கணக்கில் திட்டுத் திட்டாகப் பரவும். வாயுவானால் ஒரே இரவில் காற்று வந்த பக்கமிருந்து விசிறி விரித்தாற்போல் எல்லாச் செடிகளிலும், களைகளிலும்கூடத் தெரியும். கால்வாய் ஓரத்து வீடுகளில் வெள்ளிக் கொலுசும் செம்புக் கம்பியும் அடிக்கடி கறுத்தால் ஹைட்ரஜன் சல்பைடு உலவுகிறது என்று அறியலாம்.

இந்த அடையாளங்கள் சில நாளில் மறைந்துவிடும். எனவே நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை உடனே எழுதி வைக்க வேண்டும். புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும், வேளாண் அலுவலருக்கும், மாசு கட்டுப்பாடு வாரியத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெற வேண்டும். பயிர்ப் பாதிப்பைப் பார்த்துச் சொல்ல வேலூர் மாவட்டத்தில் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். கால்நடை இறந்தால் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் புதைக்கக் கூடாது.

இழப்பீட்டுக்கு இந்தச் சாட்சியம் மிகத் தேவை. தோல் கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுப்போன செய்தி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பதிவாகியுள்ளது. அதே பாலாற்று மாசு பற்றி 2025 ஜனவரி 30-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடு பற்றி உத்தரவிட்டது. நிலத்தில் தங்கிய உப்பைப் பல ஆண்டு கழித்தும் அளந்து காட்ட முடிந்தது. வாயு அப்படித் தங்காது. 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, அதன் கீழ் வரும் அபாயப் பொருளால் விபத்து நேர்ந்து, தொழிலாளர் அல்லாதவருக்கு உயிரோ உடைமையோ சேதமானால், 5 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கோரலாம்.

கிராமம் கேட்க வேண்டியவை

தொழிற்சாலையையோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையோ அடுத்துள்ள கிராமங்கள் கிராம சபையில் நான்கு கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். தொட்டிகளின் அருகே மணி அடிக்கும் வாயுமானிகள் வேண்டும். இரவிலும் ஊருக்குக் கேட்கும் சங்கு வேண்டும். தூரத்திலிருந்தே காற்றின் திசையைக் காட்டும் துணிக்குழல் உயரமான கம்பத்தில் பறக்க வேண்டும். சங்கு ஒலித்தால் எந்தப் பக்கம் போவது என்ற ஒத்திகை ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டும்.

இவற்றில் துணிக்குழலுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம், ஊராரே நட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் தோல் தொழிற்சாலை வேலைக்கும் போகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். வாடை நின்றால் விலக வேண்டும், விழுந்தவரைத் தேடி இறங்கக்கூடாது என்ற இரண்டையும் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் சொல்லி வைப்பது குடும்பத் தலைவரின் கடமையாகும்.